கொழுக்கட்டை வெந்த தண்ணீர்

ஸப்ரி கடை திறந்த அன்று முதலில் வந்து உட்கார்ந்தவர் ரத்தோட்டை பஸ் கண்டக்டர் ஒருவர். தண்ணீர் குடித்துவிட்டுக் குசினிப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"சைனாக் கடைன்னு போட்டிருக்கீங்க. கொத்துற சத்தத்தக் காணோமே?"

அவர் கேட்டதில் பிழையில்லை. மாத்தளையில் சைனாக் கடை என்றால் இரும்புக் கல்லில் தகடுகள் தாளம் போட வேண்டும். ஃபிரைட் ரைஸ் மேல் அரைக் கோழி படுத்திருக்க வேண்டும். இங்கே திரைக்குப் பின்னால் றாபியா மாவை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் ஒரு கிண்ணம் நூடில்ஸும், இறைச்சி வைத்து மடித்து அவித்தெடுத்த சின்னச் சின்ன உருண்டைகளும் வந்தன. கண்டக்டர் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்.

"ருசியாத்தான் இருக்கு. ஆனா இது என்னா?"

திரைக்குப் பின்னால் நின்ற றாபியாவுக்கு, எனக்கும் சரியாகத் தெரியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் ஸப்ரி முந்திக்கொண்டான்.

"ஒரிஜினல் சைனா, அண்ணே."

றாபியா வரக்காமுறையில் பிறந்து கொங்காவெலையில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பது தாண்டிவிட்டது. கணவன் ஹாஷிம் த்ரீவீல் ஓட்டுகிறான். ஒரே மகள் ஜெஸ்லா. மகள் நடக்கப் பழகிய காலத்தில் றாபியா வீட்டு வேலைக்காக முதல் தடவை சவூதிக்குப் போனாள். அது கூரை போடுவதற்காக. இரண்டாம் தடவை எதற்காகப் போனாள் என்று கேட்டால் அவளிடம் ஒரு பதிலும் ஹாஷிமிடம் வேறொரு பதிலும் இருந்தன.

இரண்டாம் தடவை கிடைத்த வீடு தாயிபில். வீட்டார் பேசியது அரபு, உடுத்தது அரபு உடுப்பு. முகம் மட்டும் வேறு. சின்னக் கண்கள், அகன்ற கன்னங்கள். எசமானியின் பாட்டனார் சீனாவின் மேற்குக் கோடியிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவராம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் அந்த வீடு சொந்தக்காரர்களால் நிறைந்துவிடும். அன்றைக்கு மாவை வட்டமாகப் பரத்தி, கொத்திய இறைச்சியும் வெங்காயமும் சீரகமும் வைத்து மடிப்பது றாபியாவின் வேலை. அவர்கள் அதை மந்து என்றார்கள். நோன்பு காலத்தில் பிடிக்கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு மடிப்பு பெரிய காரியமாகப் படவில்லை. நூடில்ஸ் இழுக்கத்தான் தோள் நொந்தது.

இதையெல்லாம் ஒருநாள் பேச்சுவாக்கில் தம்பியிடம் சொல்லியிருந்தாள். ஸப்ரி அப்போது போன் கவர் விற்றுக்கொண்டிருந்தான். ஆனால் அவனிடம் கவர் வாங்க யாரும் வரவில்லை. அடுத்த மாதமே கவர்களை மூட்டை கட்டிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அதே கடையில் நான்கு மேசை போட்டான். வாசலில் டிராகன் படம் போட்ட சிவப்பு பேனர். அதன் கீழே பெரிய எழுத்தில், 'சீனக் குடும்பத்தில் கற்ற கைப்பக்குவம்.'

"எனத்துக்குடா இப்புடிப் போட்டீக்கிற? அவங்க சவூதிக்காரங்க."

"பாட்டன் சைனாதானே, தாத்தா?"

அக்காவை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"பாட்டன நான் கண்டதே இல்ல. அவர் மவுத்தாப் போய் எவ்வளவு காலம்."

"சமையல் மவுத்தாகல்லையே?"

ஸப்ரியோடு பேசினால் எப்போதும் இப்படித்தான். பேச்சு முடியும்போது அவன் சொன்னது சரியாகிவிடும். எப்படிச் சரியானது என்பதுதான் விளங்காது.

ஊருக்கும் விளங்கவில்லை. வயதானவர்கள் சைனாக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்து, உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் இருக்குமென்று கடித்து, திடுக்கிட்டார்கள். டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் போனில் பார்த்த சிவப்பு மிளகாய் எண்ணெய் எங்கே என்று கேட்டார்கள். கோயில் தெருவிலிருந்து வந்த குடும்பத்துக்குக் கோழி வைத்தது மாட்டிறைச்சி படாத தனிச் சட்டியில்தான் வேகிறதென்று ஸப்ரி சட்டியையே தூக்கிவந்து காட்ட வேண்டியிருந்தது. வந்தவர்கள் நல்லது என்றுதான் சொன்னார்கள். ஆனால் மறுபடி வருவார்களா என்பது ஒருவர் முகத்திலும் தெரியவில்லை.

றாபியாவுக்குக் கடை நிலைக்க வேண்டும். ஏனென்றால் குருநாகலிலிருந்து ஏஜென்ட் பாறூக் கிழமைக்கொரு தடவை போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ரியாத்துல நல்ல வீடு, தங்கச்சி. சின்னக் குடும்பம். ஒங்களப் போல அனுபவக்காரிதான் வேணுமாம். ஓமெண்டு ஒரு வார்த்த செல்லுங்க."

பாஸ்போர்ட் புதுப்பித்து அலுமாரியில் இருந்தது. ஹாஷிம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "ஒனக்கு எது சரியோ அதச் செய்யி" என்பான். அவளுக்கு மிகவும் எரிச்சல் தந்த வாக்கியம் அதுதான்.

போன தடவை திரும்பி வந்த காலையில் அவள் மகளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த ஜெஸ்லா, "நான் சீனி போடுறல்ல, உம்மா. பரவால்ல, குடிக்கிறன்" என்றாள், விருந்துக்குப் போன வீட்டில் சொல்வது மாதிரி. அந்த மரியாதை கரைய வெகுகாலம் எடுத்தது. இப்போதுதான் ஜெஸ்லா மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் போல உம்மாவைப் பார்த்துக் கத்துகிறாள். கதவை அறைகிறாள். அதை விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டில் மாவு மடிக்கப் போக றாபியாவுக்கு விருப்பமில்லை.

ஸப்ரி தெளிவாகச் சொல்லியிருந்தான். "பெருநாளைக்குள்ள கடை நிக்கல்லாட்டி மறுபடி போன் கவர்தான், தாத்தா."

அந்த நேரத்தில்தான் தண்ணீர்க்காரர்கள் வந்தார்கள். மாவட்டமெங்கும் குழாய் புதைக்கும் வேலைக்காக வந்திருந்த சீனர்கள் சிலர் உக்குவளைப் பக்கம் பெரிய வீடொன்றில் குடியிருந்தார்கள். அவர்களுடைய சமையற்காரர் ஊருக்குப் போய்விட்டார். லின் என்ற மூத்த எஞ்சினியருக்கு வேலைத்தளத்தில் பொறுக்கிய சிங்களம் கொஞ்சம் தெரியும். ஒருநாள் பேனரில் இருந்த டிராகனைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, ஞாயிறு பகல் ஆறு பேர் வருகிறோம், பிடித்தால் கிழமைதோறும் வருவோம், வேலையாட்களுக்கும் எடுப்போம் என்று விரலாலும் வாயாலும் சொல்லிவிட்டுப் போனார்.

ஸப்ரிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. றாபியாவுக்கு வேறு கவலை. அவள் மடித்ததைச் சீனர் ஒருவர் தின்று அவள் பார்த்ததே இல்லை.

"அவங்க வாயில வெச்சதும் இது எங்கடது இல்லண்டு செல்லிட்டா?"

"பேனர் ஈக்குதே" என்றான் ஸப்ரி.

"பேனரயா திங்கப் போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு றுஸைனா உதவிக்கு வந்தாள். எதில் பரிமாறுவது என்று யோசித்தபோது யோசனை சொன்னவளும் அவள்தான்.

"விருந்துண்டா சஹன்தானே, றாபியா தாத்தா?"

கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டுதான் சஹன். வேறு வழி தெரியாததால் றாபியா வீட்டுச் சஹனையே கழுவிக் கொண்டுவந்து, வெந்த மந்துகளைக் குவித்து, மேசைக்கு நடுவில் வைக்கச் சொன்னாள். தனித்தனித் தட்டுக் கேட்பார்கள் என்று ஆறு தட்டுகளையும் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

ஒருவரும் கேட்கவில்லை. ஆறு பேரின் குச்சிகளும் ஒரே சஹனுக்குள் போயின. பிறந்ததிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டவர்கள் போல.

"பாருங்களே, நம்மட ஆக்கள் மாதிரி" என்றாள் றுஸைனா, திரை இடுக்கால்.

"மொகத்துல ஒண்டும் தெரியல்லியே. நல்லமா, இல்லியா?"

"எப்புடித் தாத்தா தெரியும்? சத்தமாப் பேசுறாங்க. சண்டையாகவும் ஈக்கலாம்."

வினாகிரி கேட்டார்கள். தென்னை வினாகிரி போனது. போத்தல் பாதியாகத் திரும்பி வந்தது. இஞ்சி கேட்டார்கள், பச்சையாக. கொடுத்தாள். சஹன் குறைந்துகொண்டு வந்தது. அப்போதுதான் லின் எழுந்து நேரே குசினித் திரையை விலக்கினார். றுஸைனா அவசரமாக முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

லின் அடுப்பிலிருந்த பெரிய சட்டியைக் காட்டினார். மந்து வெந்த சட்டி. "வத்துர" என்றார், தண்ணீர் என்பதைச் சிங்களத்தில். கையைக் கிண்ணம் போலக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

அவர் கேட்டது றாபியாவுக்கு நன்றாகவே விளங்கியது. அதுதான் சங்கடம். சட்டியில் மாவு கரைந்து வெளுத்த தண்ணீர். பிரிந்துபோன ஒன்றிரண்டு மந்துகளின் வெங்காயம் மேலே மிதந்தது. வீட்டில் அது ஆட்டுக்கு வைக்கும் தண்ணீர். சஹன் வைத்து உட்காரவைத்த விருந்தாளிக்கு அதைக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டால் வரக்காமுறையில் அவளுடைய சனம் தலைகாட்ட முடியாது.

"நே, நே, மாத்தயா. சுப் தியெனவா" என்று சிங்களத்தில் சூப் இருப்பதாகச் சொல்லி எலும்புச் சூப்பைக் காட்டினாள். லின் சிரித்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி அந்தச் சட்டியையே காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஸப்ரி உள்ளே ஓடி வந்தான்.

"எனத்த கேட்டார்?"

"மாவுத் தண்ணியக் கேக்குறார்."

"தாத்தா! அவங்க தண்ணி ஆக்கள்!"

"அதுக்கு?"

"டெஸ்ட் பண்ணப் போறாங்க! றோட்டக் கிண்டினதுல இருந்து பைப்புல செம்மண்ணால்ல வருது. அது அவங்களுக்குத் தெரியாதா? எந்தத் தண்ணியில சமைச்சண்டு பாக்கத்தான் கேக்குறாங்க."

"குடிக்கிற மாதிரியல்லவாடா காட்டினார்?"

"குடிச்சே செல்லுவாங்க. படிச்ச ஆக்கள்."

அவள் வடிகட்டிய தண்ணீரில்தான் சமைத்திருந்தாள். அது ஸப்ரிக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் இருவருக்கும் அது நினைவில் இல்லை. சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, பின்வாசல் சாக்கடைக் காணுக்குள் முழுவதையும் கவிழ்த்தார்கள். றுஸைனா தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்தாள். பக்கத்துக் கடையிலிருந்து போத்தல் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றிக் கொதிக்கவைத்தார்கள். றாபியா தன்னுடைய கலியாணச் சாமானில் மிஞ்சியிருந்த பூப்போட்ட கோப்பைகளை, கீழே வைக்கும் பீரிசுத் தட்டுகளோடு அடுக்கி, தட்டில் சின்ன விரிப்புப் போட்டாள். ஸப்ரி அதை நிக்காஹ் வீட்டுப் பலகாரத் தட்டைப் போல ஏந்திக்கொண்டு போனான்.

லின் கோப்பைக்குள் பார்த்தார். அடியிலிருந்த பூ தெளிவாகத் தெரிந்தது. அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். 'நான் செல்லல்லையா?' என்பது போல ஸப்ரி திரைப் பக்கம் திரும்பினான். லின் ஒரு வாய் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். கோப்பைகளை மெதுவாகப் பீரிசுகளில் வைத்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்து, தலையைக் குனிந்து வணக்கம் போல ஏதோ செய்து, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"சஹன் காலி" என்றாள் றுஸைனா. "அப்ப நல்லம்தானே?"

"பொறகேன் சிரிக்காமப் போனாங்க?"

"தண்ணி பெயிலோ?"

"போத்தல் தண்ணி எப்புடி பெயிலாகும்?"

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஸப்ரி போன் கவர் மூட்டையைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி வைத்தான். பாறூக் போன் எடுத்து, ரியாத் வீட்டார் அவசரப்படுகிறார்கள், இந்தக் கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்று றாபியா வைத்துவிட்டாள். ஹாஷிம் த்ரீவீலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நல்ல தண்ணிதானே குடுத்தீங்க?"

"நல்ல தண்ணிதான்."

"அப்ப எனத்த பிரச்சினை?"

"அதத்தான் நானும் கேட்டுட்டு ஈக்கிறன்."

மழை பிடித்த ஒரு பின்னேரம் லின் தனியாக வந்தார். ஸப்ரி அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். குசினியில் றுஸைனாவும், வெளியே மேசை துடைத்துக்கொண்டு ஜெஸ்லாவும் இருந்தார்கள். லின் மந்து கேட்டார். றாபியா அவித்துக் கொடுத்தாள். முழுவதையும் தின்றார். பிறகு வெறுங்கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்து, அவள் மறிக்க முந்தி அகப்பையை எடுத்து, சட்டியிலிருந்த வெளுத்த தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஊதினார். குடித்தார்.

"யா அல்லாஹ்! குடிக்கிறார்" என்றாள் றுஸைனா.

றாபியா அவர் வைத்துவிட்டுப் போன அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். தான் ஏதோ பிழை செய்து, அதற்கு அவர் தண்டனை அனுபவிப்பதைப் போலிருந்தது. ஆனால் தண்டனை அனுபவிப்பவரின் முகம் அப்படி இல்லை. சோறு தின்றபின் பிளேன்டீ குடிக்கும் மனிதரின் முகமாக இருந்தது.

லின் போனை எடுத்து அதற்குள் தன் மொழியில் பேசினார். போன், செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் தமிழில் சொன்னது:

"உணவு எந்தத் தண்ணீரில் வெந்ததோ அதையும் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் என் தாயார் மேசையை விட்டு எழுந்திருக்க விடமாட்டார்."

மறுபடி பேசினார்.

"அன்று எங்களுக்குத் தெளிந்த தண்ணீர் அழகான கோப்பையில் தரப்பட்டது. நாங்கள் சமையலறைக்குள் வந்தது தவறு என்று எண்ணினோம். மீண்டும் வர வெட்கமாக இருந்தது."

ஜெஸ்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உம்மா, நீங்க அவங்களக் கோவிச்சிட்டீங்கண்டு பயந்து போயீக்கிறாங்க!"

"நான் எங்க கோவிச்ச? அவங்கதானே..." றாபியா பாதியில் நிறுத்தினாள். யார் யாரைக் கோவித்தது என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. "மகள், கேளுங்க. இது அவங்கட ஊர்ச் சாப்பாடா?"

ஜெஸ்லா பாடசாலைத் தமிழில் போனுக்குக் கேட்டாள். லின் காலித் தட்டைப் பார்த்து யோசித்தார். போன் சொன்னது:

"இல்லை. எங்கள் ஊர் இந்த உணவின் ஊருக்குக் கிழக்கே மிகத் தூரம். இந்தச் சீரக வாசனை எங்களிடம் இல்லை. மாணவனாக இருந்தபோது எங்கள் நாட்டின் மேற்கிலிருந்து வந்தவர் கடையில் தின்றிருக்கிறேன். அவருடையது போல் இருக்கிறது. அவ்வளவு மிளகு அவர் போடவில்லை."

மிளகு மாத்தளை மிளகு. றாபியா தன் கணக்கில் போட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது. இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். அலுமாரியிலிருந்த பாஸ்போர்ட் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

போன் இன்னும் பேசியது. "ஞாயிறு முதல் கிழமைதோறும் ஆறு பேருக்கு வேண்டும். நாளை முதல் வேலையாட்களுக்கும் வேண்டும். தண்ணீருடன்."

அவர் போனதும் றாபியா மகள் பக்கம் திரும்பினாள்.

"அவங்கடது இல்லண்டு செல்றார். பொறகு கிழமைக்குக் கிழமை வேணுமெண்டும் செல்றார். இதுல எத நான் எடுக்கிற?"

"ரெண்டயும் எடுங்க உம்மா" என்றாள் ஜெஸ்லா.

பள்ளியிலிருந்து வந்த ஸப்ரியிடம் அவள் சொன்ன முதல் விஷயம் ஓடர் அல்ல. பேனரின் கீழ்வரியை எடுக்க வேண்டும் என்பதுதான்.

"பைத்தியமா தாத்தா? சைனாக்காரரே வாறார்!"

"வாறவர் இது எங்கடது இல்லண்டு செல்லிட்டாரு. பொய் வாணாம்."

"சரி, எடுக்கிறன். அப்ப அந்த எடத்துல எனத்தப் போடுற? சவூதிண்டா? மாத்தளைண்டா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். தாயிப் வீட்டுக் குசினி வந்தது. வரக்காமுறைக் கொழுக்கட்டை வந்தது. காணாத பாட்டனார் ஒருவர் வந்தார். ஒன்றும் ஒரு வரிக்குள் அடங்கவில்லை.

"எனக்கெப்புடிடா தெரியும்? நீதானே கடைக்காரன்."

ஸப்ரி அந்த வரிக்கு மேல் வெறும் சிவப்புத் துணி ஒன்றை ஒட்டினான். மறுநாளிலிருந்து, அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் சட்டி மந்து வெந்து இறங்கியதும் றாபியா யாரும் பார்க்காதபோது ஒரு அகப்பை தண்ணீரை ஊதிக் குடித்துப் பார்த்தாள். மாவு ருசி. கொஞ்சம் உப்பு. எங்கேயோ சீரகம். இதற்காக ஒரு மனிதர் மழையில் வந்தாரா? இன்னொரு வாய் குடித்தாள். ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ஆனாலும் சட்டியைக் காணுக்குக் கொண்டுபோகாமல் மூடி போட்டு அடுப்பிலேயே வைத்தாள்.

ஹாஷிம் வெங்காய மூட்டையோடு பின்வாசலில் வந்து நின்றான். அவளுடைய போனை நீட்டினான். அது அடித்துக்கொண்டிருந்தது.

"பாறூக் நானா."

"கையெல்லாம் மாவு. நீங்களே செல்லுங்க, வரல்லண்டு."

ஹாஷிம் அவளைப் பார்த்தான். ஒனக்கு எது சரியோ என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

"ஏனெண்டு கேட்டா?"

அவள் வட்டமொன்றை உள்ளங்கையில் வைத்து, இறைச்சி வைத்து, மடிக்கத் தொடங்கினாள். மூடிக்கடியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"அந்தத் தண்ணிய வெச்சிட்டு வர ஏலாதுண்டு செல்லுங்க."

ஹாஷிமுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவன் குரல் கேட்டது.

"ஓ நானா... இல்ல, அவ வரல்லயாம். முடிவுதான்... எனக்கும் சரியா வெளங்கல்ல நானா, ஏதோ தண்ணிப் பிரச்சினையாம்..."

முன்பக்கமிருந்து ஜெஸ்லா கத்தினாள்.

"உம்மா! வந்துட்டாங்க! கோப்பையா, கிண்ணமா? எத்தன தரம் கேக்குற ஒங்களுட்ட!"

"கிண்ணம்!" றாபியாவும் கத்தினாள். "பீரிசு வாணாம்!"